சுவரில் காய்ந்த சாஸ்

பெயிண்ட் கடையில் பதினெட்டு வருஷமாக நிறம் கலக்குகிற மனிதருக்கு உலகத்தில் எந்தப் பொருளானாலும் முதலில் நிறம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடையில் அவரைக் கலர்காரர் என்றே கூப்பிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். உடைந்த ஓட்டின் ஒரு துண்டையோ, சட்டைப் பட்டனையோ, குழந்தையின் தொப்பியையோ கவுண்டரில் வைத்து இதே நிறம் வேண்டும் என்று கேட்டால் போதும். அரைமணி நேரத்தில் அச்சு அசலாக அதே நிறத்தை டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவார். இந்த ஒரு திறமையை நம்பித்தான் அந்த வாரம் அவர் தக்காளி சாஸ் செய்ய இறங்கினார். அவராக இறங்கினார் என்று சொல்வதும் சரியில்லை. மாமனார் இறக்கிவிட்டார்.

மாமனார் லிஃப்ட் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பட்டனை அழுத்தினால் தானே போய்த் தானே நிற்கிற லிஃப்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடி வரும்போது பார்த்து, லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக இருக்கும்படி நிறுத்தவேண்டிய பழைய லிஃப்ட். ஏழு மாடிக் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷம் ஏற்றி இறக்கினார். அவர் லிஃப்டில் ஒருவர்கூடத் தடுக்கி விழுந்ததில்லை. ரிட்டையர் ஆன பிறகும் எதையும் அவர் அந்தக் கணக்கில்தான் சொல்வார். காபியில் சூடு போதாவிட்டால் ரெண்டு விரல் கீழே நிற்கிறது என்பார். மாப்பிள்ளை சொன்ன ஜோக் கொஞ்சம் நீண்டுவிட்டால் ரெண்டு விரல் மேலே போய்விட்டது என்பார். ஆனாலும் சிரிப்பார். அந்த வீட்டில் கலர்காரரின் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவர்தான்.

அதுமட்டுமில்லை. தினமும் சாயங்காலம் மாமனாரும் மாப்பிள்ளையும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருமுனையில் அடுத்து திரும்பப்போகிற கார் என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவார்கள். பணப் பந்தயம் எல்லாம் இல்லை, வெறும் வாய்ப் பந்தயம்தான். மாமனார் வெள்ளை என்று மட்டும் சொல்லுவார். கலர்காரர் முத்து வெள்ளை, பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று பிரித்துச் சொல்லித் தோற்றுப்போவார். ஆறு வருஷமாக நடக்கிற இந்தப் போட்டியில் அவர் எப்போதுமே பின்னால்தான். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மாமனாருக்கு ஒரே ஒரு பலவீனம், கடையில் வாங்குகிற பாட்டில் தக்காளி சாஸ். முட்டைக்கு, வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, ரொட்டிக்கு, நூடுல்ஸுக்கு என்று தொடங்கி, ஆப்பிள் துண்டு வரைக்கும் போயிருந்தார். ஒருநாள் தர்பூசணியின் மேல் பாட்டிலைக் கவிழ்த்ததை இளைய மகள், கலர்காரரின் மனைவி, பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், சாஸ் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றார் மாமனார். நாலு நாளைக்கு ஒரு பாட்டில் என்றாள் மகள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதில் போகிற உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று கையாலேயே காட்டினார். இனிமேல் பாட்டிலைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் அலமாரியைத் துழாவி ஐந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். மாமனாரின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆறாவதும் கிடைத்தது. எல்லாம் குப்பைக்குப் போயின. மாமனார் சத்தம் போடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சாஸ் இல்லாத முட்டையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய் மூத்த மகளுக்குப் போன் போட்டார். மூத்தவள் தாராளமனசுக்காரி. வயசான மனுஷர் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டுமே, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்ன பத்தியம் என்பது அவளுடைய கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன், பெட்டியைக் கட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா எங்கே இருந்தாலும் நன்றாக இருந்தால் சரி என்று இளையவள் வாயளவில் சொன்னாள். ஆனால் அவர் பெட்டியில் மடித்து வைத்த சட்டைகளை எல்லாம் எடுத்து, காலர் சரியாக வெளுக்கவில்லை என்று மறுபடியும் ஊறப்போட்டாள். அப்பாவும் மகளும் ஒரே மண்ணில் பிடித்த பொம்மைகள். போகாதே என்று அவளும் சொல்லமாட்டாள், போகவில்லை என்று அவரும் சொல்லமாட்டார்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கலர்காரர். மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் மாமனார் ஊருக்குக் கிளம்பினால் உள்ளுக்குள் விசில் அடிப்பார்கள். இவருக்கு விசில் வரவில்லை. பால்கனியில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து தானே கேட்டுத் தானே பதில் சொல்லும் காட்சி கண்முன் வந்தது. அன்றைக்கே சாயங்காலம் மாமனாரிடம் பேச்சை எடுத்தார்.

“மாமா, வீட்டுலயே சாஸ் செஞ்சு கொடுத்தா இருப்பீங்களா?”

“யாரு செய்வா?”

“நான்தான்.”

மாமனார் தெருமுனையைப் பார்த்தபடியே யோசித்தார்.

“பாட்டில் மாதிரியே இருக்கணும் மாப்ளே. ரெண்டு விரல் மேல நின்னாலும் ஒத்துக்கமாட்டேன்.”

“அதே மாதிரி செய்யறதுதானே மாமா என் பொழப்பே.”

அந்தப் பேச்சில்தான் எல்லாத் தப்பும் தொடங்கியது.

புதன்கிழமை காலையில் கலர்காரர் குப்பைக்கூடையிலிருந்து ஒரு பாட்டிலை மீட்டு, அடியில் ஒட்டியிருந்த சாஸை வழித்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனார். வெள்ளை அட்டையில் சின்ன பிரஷால் ஒரு பட்டை இழுத்தார். ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். பெயிண்ட் ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் இன்னொரு நிறம் காட்டும். காயாமல் எதையும் நம்பக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். காய்ந்த அட்டையை நிறம் படிக்கிற மெஷினுக்கு அடியில் வைத்ததும், மெஷின் மறுபேச்சுப் பேசாமல் ஒரு சீட்டைத் துப்பியது. சிவப்பு நாற்பத்தாறு பங்கு, மஞ்சள் ஒன்பது, வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று. கலர்காரருக்குப் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, படுக்கையறைக்கு நிறம் தேடி ஒரு மணி நேரமாக அட்டைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, கவுண்டரில் கிடந்த அட்டையை எடுத்துவிட்டார். இது என்ன நிறம், இது ஏன் புத்தகத்தில் இல்லை என்று கேட்டார். கலர்காரர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி வந்து, இது புதுசு மேடம், நேற்றுத்தான் வந்தது, பேர் அந்திப் பட்டு என்றார். அந்த அம்மா அட்டையை முகர்ந்து பார்த்தார். பெயிண்ட் நாற்றமே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். அதுதான் மேடம் இதில் விசேஷம் என்றார் முதலாளி. எட்டு லிட்டர் அங்கேயே கலந்தாகிவிட்டது. கலந்த பெயிண்டில் நாற்றம் அடித்ததும் அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. முதலாளி அசராமல், சுவரில் ஏறினால் போய்விடும் என்று வழியனுப்பி வைத்தார். பிறகு கலர்காரரின் முதுகில் தட்டி, இந்த மாதிரி இன்னும் நாலு நிறம் கண்டுபிடி என்றார். அந்தச் சந்தோஷத்திலேயே, வீட்டில் சுவர் வேலை இருக்கிறது என்று வெள்ளிக்கும் சனிக்கும் லீவு கேட்டு வாங்கிக்கொண்டார் கலர்காரர். சுவர் வேலை என்றது பொய்யில்லை என்று அப்போது அவருக்கே தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று கிலோ தக்காளியோடு சமையலறைக்குள் நுழைந்தார். மெஷின் கொடுத்த சீட்டை ஜன்னல் கம்பியில் செருகிக்கொண்டார். சிவப்புக்குத் தக்காளி. மஞ்சளுக்குக் கேரட். வெள்ளைக்குச் சோளமாவு. கறுப்புக்கு என்ன என்பதுதான் பிடிபடவில்லை. முதல் சட்டியில் கறுப்பை விட்டுவிட்டுத் தக்காளியையும் கேரட்டையும் அரைத்துக் கொதிக்கவிட்டார். நுரைத்துப் பொங்கி, குழந்தை துப்பின கஞ்சி மாதிரி வெளிறிப்போய் நின்றது. ஆனாலும் முறையை விடவில்லை. வெந்நீரில் அலசிய புது பிரஷை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முதலில் மாத்திரை டப்பாவில் மிச்சமிருந்த பாட்டில் சாஸால் ஒரு பட்டை, அதற்குக் கீழே தன்னுடைய சாஸால் ஒரு பட்டை, பென்சிலால் பக்கத்தில் ஒன்று என்று நம்பர். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க இது?”

“சாம்பிள்.”

“சுவத்துலயா?”

“அட்டையில அடிச்சா உறிஞ்சிடும். சுவத்துலதான் உண்மையான நிறம் தெரியும். காயட்டும்.”

“சாஸை யாருங்க காயவச்சுச் சாப்பிடுறா?”

 அவர் சுவரைப் பார்த்தபடியே, அந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை, பல்பை மாற்றவேண்டும் என்றார்.

இரண்டாவது சட்டியில் சிவப்பு ஏறட்டும் என்று பீட்ரூட் சேர்த்தார். மாமனார் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ருசி பார்க்க உட்கார்ந்தார். கலர்காரர் கரண்டியை நீட்ட, அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். நாக்கும் உதடும் பற்களும் ஒரே நிறமாகிவிட்டன. இது ரெண்டு விரல் வித்தியாசம் இல்லை மாப்ளே, இது பக்கத்துக் கட்டடம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புக்கு வழி பிறந்தது. சிவப்பை ஆழமாக்க ஒரு சொட்டுக் கறுப்பு விடுவது கடையில் தினமும் செய்கிற வேலை. சமையலறையில் கறுப்பு என்றால் காபி டிகாக்ஷன். நாலாவது சட்டியில் ஒரு கரண்டி விட்டார். நிறம் சட்டென்று கீழே இறங்கிக் கனத்தது. ஐந்தாவதில் இரண்டு கரண்டி. ஆறாவதில் மாமனார் மத்தியானத் தூக்கத்தை இழந்தார். வழக்கமாக ஒரு மணிக்குச் சாய்ந்தால் மூன்றுக்கு எழுந்திருக்கிற மனுஷர், அன்றைக்கு வீட்டை ஒன்பது தடவை சுற்றி வந்தார். எல்லாக் கடிகாரத்தையும் சரிசெய்தார். மகள் தோய்த்துப் போட்ட சட்டைகளைக் கொடியில் சைஸ் வாரியாக மாற்றிப் போட்டார்.

சாயங்காலம் ஒன்பதாவது பட்டை காய்ந்தது. கலர்காரர் அதன் மேல் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேலே பாட்டில் பட்டை, கீழே ஒன்பதாம் பட்டை. நம்பரை அழித்துவிட்டால் எது எது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்தார். இருந்தவர்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் வரிசை. மாமனார் ஒரு முழுக் கரண்டி வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ரொம்பநேரம் பார்த்தார்.

“நிறம் கச்சிதம் மாப்ளே,” என்றார் கடைசியில். “வாயில போடும்போதுதான் கஷ்டம்.”

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்து பல்கூடத் துலக்காமல் சமையலறைக்குப் போனார். சுவரைப் பார்த்தார். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாப் பட்டையும் இரவோடு இரவாகக் கறுத்து, பழைய மரக்கதவு மாதிரி ஒரே பழுப்பாகிவிட்டிருந்தது. பீட்ரூட் போட்டது, காபி போட்டது, ஒன்றுமே போடாதது எல்லாம் ஒரே நிறம். மேலே இருந்த பாட்டில் பட்டையும் அதே பழுப்பு. ஒரே ஒரு வித்தியாசம்தான். பாட்டில் பட்டையின் மேல் மட்டும் எறும்புகள் மொய்த்துக்கொண்டு நின்றன. ஜன்னல் மூலையிலிருந்து அதற்கு ஒரு நீண்ட சாரை. மற்ற ஒன்பதையும் எறும்புகள் வளைந்து தாண்டிப் போயின, நின்றுகூடப் பார்க்கவில்லை.

மனைவி பின்னால் வந்து நின்றாள். எறும்புக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“எங்கப்பா கூட்டத்துல எங்க நிக்கிறார்னு தேடிட்டிருக்கேன்,” என்றாள்.

கலர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பங்கரையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷத்துத் தொழில் சுவரில் பழுப்பாக நின்றது. நாளை மத்தியானம் வேன் வந்துவிடும். மனைவி எறும்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“ஒன்பது சட்டி செஞ்சீங்களே, அதுல ஒண்ணையாவது நீங்க தின்னு பாத்தீங்களா?”

அவர் யோசித்துப் பார்த்தார். மாமனாருக்குக் கொடுத்திருக்கிறார். சுவருக்குக் கொடுத்திருக்கிறார். மெஷினுக்குக்கூடக் கொடுத்திருக்கிறார். தான் மட்டும் நாக்கில் வைக்கவில்லை. வேண்டுமென்று இல்லை. டப்பாவில் இருக்கிறதைக் கலக்கும்போது கை வாய்க்குப் போகக்கூடாது, விரலை நக்கக்கூடாது, மூக்கைக்கூடச் சொறியக்கூடாது என்று கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவைத்தது அவர் கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கரண்டியும் சட்டியும் பிரஷும் கண்ணில் பட்டதும் கை தானாகவே வாயை விட்டுத் தள்ளி நின்றுவிட்டது. இரண்டு நாளாக அவர் சமைக்கவே இல்லை, கலந்துகொண்டிருந்தார்.

 அவள் ஒரு டீஸ்பூனை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணி பிழியப் போனாள்.

கலர்காரர் எழுந்தார். ஜன்னல் கம்பியில் இருந்த சீட்டைச் சுருட்டி எறிந்தார். காய்க்கடைக்குப் போய், கடைக்காரர் அழுகலுக்குப் போகும் என்று ஒதுக்கி வைத்திருந்த, தொட்டால் குழைகிற தக்காளியிலேயே நல்லதாக இரண்டு கிலோ பொறுக்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் கத்தியால் குறுக்காக ஒரு கீறல். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம், எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிஷம். தோல் தானாகச் சுருண்டு கழன்றது. ஒரு வெங்காயமும் நாலு பல் பூண்டும் பொடியாக நறுக்கி, ஒரு சொட்டு எண்ணெயில் வதக்கித் தக்காளியைப் போட்டார். ஒரு துண்டுப் பட்டை. சுவரில் இழுக்கிற பட்டை இல்லை, வாசனைக்குப் போடுகிற பட்டை. தீயைக் குறைத்துவிட்டு முதல் தடவையாக டீஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதி வழியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளினார்.

புளிப்பு. அடிக்கிற புளிப்பு. ஆனால் அது சாப்பாடு என்று தெரிந்தது.

அதற்கு அப்புறம் அவரைத் தடுக்க முடியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ருசி பார்த்தார். பாதியாக வற்றியதும் வடிகட்டியில் தேய்த்து விதையைப் பிரித்தார். சர்க்கரைக்குப் பதிலாக நாலு பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தார். கறாராக ஒரே சிட்டிகை உப்பு. மிளகுத்தூள் கொஞ்சம், வினிகர் ஒரு ஸ்பூன். மறுபடியும் அடுப்பில். இடையில் நாக்கின் நுனி வெந்துபோய், ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு கிளறினார். கடைசியில் கரண்டியைச் சாய்த்தால் விழலாமா வேண்டாமா என்று யோசித்து விழுகிற பதத்துக்கு வந்தது. மாமனார் வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, என்ன நிறத்தில் வந்திருக்கிறது என்று கேட்டார். கலர்காரர் சட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிவப்பு என்றார். வெறும் சிவப்பு. அதற்குமேல் ஒரு அடைமொழியும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து இறங்கினாள். கையில் அப்பாவுக்குப் பரிசாக மூன்று பெரிய சாஸ் பாட்டில். மேஜையில் வரிசையாக வைத்தாள். சமையலறையில் தண்ணீர் எடுக்கப் போனவள் சுவரைப் பார்த்துவிட்டு, இந்தப் பழுப்புப் பட்டை டிசைன் நன்றாக இருக்கிறதே, இப்போது இதுதான் ஃபேஷனா என்று கேட்டாள். ஆமாம் அக்கா, இவர்தான் போட்டார் என்றாள் இளையவள்.

அவித்த முட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு, வாட்டிய ரொட்டி. அவற்றுக்கு முன்னால் இரண்டு கிண்ணம், ஒன்றில் மூத்தவள் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு ஸ்பூன், ஒன்றில் வீட்டு சாஸ். அந்த ஒரு ஸ்பூனுக்கும் இளையவள் அரை மனசோடுதான் சம்மதித்தாள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு, லிஃப்ட் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி முள்கரண்டியைப் பிடித்தார். முதலில் பாட்டில். மென்றார். தண்ணீர் குடித்தார். பிறகு வீட்டு சாஸ். மென்றார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கலர்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது அது இல்ல,” என்றார் மாமனார்.

இளையவள் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குத் தொட்டியில் ஒரு பாத்திரமும் கிடையாது. கலர்காரர் தலையை மட்டும் ஆட்டினார். வெந்துபோன நாக்கோடு பேச முடியவில்லை. மூத்தவள், சரி நேரமாகிறது என்று அப்பாவின் பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பெட்டி தலைக்கு மேலே போய்விட்டது. திறந்து பார்த்தால் ஒரு துண்டும் ஷேவிங் டப்பாவும் மட்டும்.

“துணியெல்லாம் எங்கடி?”

“காயல,” என்றது சமையலறைக் குரல்.

“இந்த வெயில்லயா?”

குழாயின் சத்தம் இன்னும் கொஞ்சம் அதிகமாயிற்று.

இதற்குள் மாமனார் மீதி முட்டையையும் முடித்திருந்தார். உருளைக்கிழங்கு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் கிண்ணத்தை மறுபடி தொடவில்லை. ரொட்டித் துண்டால் வீட்டு சாஸ் கிண்ணத்தின் அடியைச் சுற்றித் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கலர்காரரிடம் கிண்ணத்தை நீட்டினார். மூத்தவள் பெட்டியோடு நின்றபடியே பார்த்தாள்.

“பிடிக்கலன்னீங்களே அப்பா.”

“பிடிக்கலன்னு எப்ப சொன்னேன்? அது இல்லன்னு சொன்னேன்.”

“அப்ப கிளம்புங்க. அதைத்தான் மூணு பாட்டில் வாங்கிட்டு வந்திருக்கேன்.”

மாமனார் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“இங்க பாரும்மா. ஒன்பது தடவை மாப்ளே பக்கத்துக் கட்டடத்துக்கு ஓட்டினார். பத்தாவது தடவைதான் சரியான கட்டடம், சரியான மாடி. இன்னும் ரெண்டு விரல் மேல நிக்குது, அவ்வளவுதான். மட்டமா நிறுத்தாம கதவைத் திறந்துவிட்டுட்டு எழுந்து போற பழக்கம் எனக்குக் கிடையாது. முப்பத்தொரு வருஷத்துல போனதில்ல. அவர் சரியா நிறுத்தட்டும், அன்னைக்கு வரேன்.”

“எப்ப நிறுத்துவார்?”

“அடுத்த ஞாயிறு பாக்கலாம். மனுஷன் புதுசு, கத்துக்கணும்ல.”

குழாய் நின்றது. மூத்தவள் அப்பாவையும் தங்கையையும் தங்கை வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வீட்டில் யாரும் நேராகப் பேசித் தொலைக்கமாட்டீர்கள் என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்து, அவளும் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வீட்டு சாஸில் தோய்த்தாள். நாலு உருளைக்கிழங்குக்கு அப்புறம்தான் கை நின்றது. கிளம்பும்போது ஒரு சின்ன ஜாடியில் அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று பாட்டிலையும் இளையவளே கையோடு கொண்டுபோய் வேனில் வைத்து, கதவையும் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்கு மூன்று மணிக்குள் அப்பாவின் சட்டைகள் எல்லாம் காய்ந்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமை கலர்காரர் மறுபடி தக்காளி வாங்கி வந்தார். கை இப்போது பழகியிருந்தது. கீறல், வெந்நீர், குளிர்ந்த நீர், பூண்டு, பேரீச்சம்பழம் எல்லாம் அதன் போக்கில் நடந்தன. போன தடவை அவசரத்தில் வினிகரை நடுவிலேயே ஊற்றிவிட்டோம், இந்தத் தடவை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதோடு ஒரே ஒரு கிராம்பு. ஐந்து நிமிஷம் கழித்து டீஸ்பூனை எடுத்து ருசி பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாட்டில். அச்சு அசலாகப் பாட்டில். அதே இனிப்பு, அதே புளிப்பு, தொண்டைக்குள் இறங்கும்போது பின்னால் வருகிற அதே மெல்லிய காரம்கூட. இன்னொரு ஸ்பூன் பார்த்தார். சந்தேகமே இல்லை. மட்டமாக வந்து நின்றுவிட்டது.

துள்ளிக் குதிக்கவேண்டிய மனிதர் டீஸ்பூனைக் கீழே வைத்தார். நாளைக்கு மத்தியானம் மாமனார் மென்று பார்ப்பார், கச்சிதம் மாப்ளே என்பார், கைகழுவிக்கொண்டு பெட்டியை எடுப்பார். சொன்ன சொல்லில் இம்மியும் பிசகாத மனுஷர். அப்புறம் எந்தச் சட்டையை எத்தனை தடவை ஊறப்போட்டாலும் நடக்காது.

கலர்காரர் அடுப்பை அணைத்தார். வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டாக நறுக்கி, ஒரு மூடியைச் சட்டியில் பிழிந்து அவசரமாகக் கலக்கினார். நிமிர்ந்தபோது எதிரே மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மேடையில் கிடந்த மற்ற மூடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இதையும் பிழிஞ்சிடுங்க. அப்பா நாக்கு பொல்லாதது.”